ஸ்வாவா வீட்டு வாசற்படி

மே மாதம் பாதி கடந்த பிறகும் ஸ்வாவாவின் வீட்டின் மேல் மட்டும் பனி பெய்துகொண்டிருந்தது. பக்கத்து வீட்டு ஓட்னி வெயிலில் போர்வை உலர்த்திக்கொண்டிருந்தாள். எதிர்வீட்டுப் பிள்ளைகள் அரைக்கால் சட்டையோடு பந்து உதைத்தார்கள். ஸ்வாவாவின் தகரக் கூரையிலோ முழங்கால் உயரத்துக்குப் பனி. வேலிக்கு இந்தப் பக்கம் புல், அந்தப் பக்கம் வெள்ளை, நடுவில் கத்தரிக்கோலால் வெட்டியது போல நேர்கோடு. இதற்காக ஸ்கார்ஃபவிக் ஊரில் யாரும் வாயைப் பிளந்துகொண்டு நிற்கவில்லை. குளிர்காலம் முடியப்போகிற சமயத்தில் வாசற்படியில் உட்கார்ந்து கம்பளி நூலில் பின்னல் போட்டால் குளிர்காலம் நீளும். ஐஸ்லாந்தில் இது கைக்குழந்தைக்கும் தெரிந்த விஷயம். ஸ்வாவாவுக்கும் தெரியும். தெரிந்தேதான் உட்கார்ந்தாள்.

ஸ்வாவா ஊர் நீச்சல் குளத்தில் சீட்டுக் கொடுக்கிறவள். பின்னல் அவளுக்குப் பொழுதுபோக்கு. அதில் அவளுக்கு இருந்த ஆசைக்கும் அவள் முடித்துக் காட்டியதற்கும் சம்பந்தமே கிடையாது. ஸ்வெட்டரை எல்லோரும் உடம்பிலிருந்து ஆரம்பித்தால் இவள் கையிலிருந்து ஆரம்பிப்பாள். கை சின்னது, சீக்கிரம் வளரும், பார்க்கவும் சந்தோஷம். கை முடிவதற்குள் கடையில் புது நிறத்தில் நூல் வந்துவிடும், இவளும் புதுக் கையை ஆரம்பித்துவிடுவாள். இப்படியே வருஷங்கள் ஓடி, ஸ்வாவாவின் அலமாரியில் உடம்பில்லாத கைகள் மட்டும் அடுக்கடுக்காகச் சேர்ந்தன. வியாழக்கிழமைதோறும் கூட்டுறவுக் கடையின் மூலையில் பெண்கள் காபியும் முறுக்கிப் பொரித்த கிளைனாப் பலகாரமும் வைத்துக்கொண்டு பின்னுவார்கள். அங்கே அவளைக் கேலி செய்யாமல் ஒரு வியாழன் கழிந்ததில்லை. அவளும் கூடவே சிரிப்பாள். வீட்டுக்குப் போய் அடுத்த கையை ஆரம்பிப்பாள்.

அந்த மே மாதத்துக்கு முந்தின அக்டோபரில் கிரிமுர் வந்து சேர்ந்தான். மலைப்பாதையில் பனி வாரும் மஞ்சள் வண்டியை ஓட்டுகிறவன். தெற்கத்திக்காரன், தலையில் முடி குறைவு, பேச்சு அதைவிடக் குறைவு. ஸ்வாவாவின் வீட்டுக் கீழ்த்தளத்தில் வாடகைக்கு ஓர் அறை எடுத்தான். தினமும் வேலை முடிந்து வந்ததும் மாடிப்படியில் நின்று, "பாதை தொறந்தாச்சு" என்பான். "நல்லதாப் போச்சு" என்பாள் அவள். குளிர்காலம் முழுக்க அவர்கள் பேசியது பெரும்பாலும் இவ்வளவுதான். மாலையில் அந்த இரண்டு வார்த்தை காதில் விழாவிட்டால் ஸ்வாவாவுக்குச் சோறு இறங்கவில்லை என்பது மார்ச் மாதத்தில்தான் அவளுக்கே உறைத்தது. கூடவே இன்னொன்றும் உறைத்தது. வட்டாரத்தில் கடைசிப் பனி கரைகிற வரைக்கும்தான் வண்டியும் ஆளும் இங்கே இருக்க வேண்டும் என்பது சாலை இலாகாவின் விதி. பனி கரைந்தால் கிரிமுர் மலையைத் தாண்டித் தெற்கே போய்விடுவான். அடுத்த குளிர்காலத்தில் அவனை எந்த ஊருக்கு அனுப்புவார்களோ, யார் கண்டது.

ஏப்ரலில் லோவாப் பறவை வந்துவிட்டதாக ரேடியோவில் சொன்னார்கள். எங்கள் ஊரில் அந்தச் செய்தியைக் கேட்டால் முன்பின் தெரியாதவர்கள்கூடக் கை குலுக்கிக்கொள்வார்கள். பனியை விரட்டுகிற பறவை அது. ஸ்வாவா மட்டும் ரேடியோவை அணைத்துவிட்டு, சாம்பல் நிறக் கம்பளி நூலையும் ஊசிகளையும் எடுத்துக்கொண்டு, ஆட்டுத்தோலை வாசற்படியில் விரித்து உட்கார்ந்தாள். கிரிமுரின் அளவுக்கு ஒரு ஸ்வெட்டர். வாழ்க்கையில் முதல் தடவையாக உடம்பிலிருந்து ஆரம்பித்தாள். நாலு வரிசை முடிவதற்குள் முதல் பனித்துகள் ஊசிமுனையில் வந்து உட்கார்ந்தது.

ஊர் இதை எடுத்துக்கொண்ட விதத்தையும் சொல்ல வேண்டும். குளத்து வெந்நீர்த் தொட்டியில் கழுத்து வரை அமிழ்ந்துகொண்டு ஊர் வம்பு பேசுகிற ஆண்கள், பாவம், அவளுக்கும் ஒரு பிடிப்பு வேண்டாமா என்று தீர்ப்புச் சொன்னார்கள். பிள்ளைகள் அவள் முற்றத்தில் சறுக்கு விளையாடினார்கள். மீன் பிடிக்கிறவர்கள் கூடைகளோடு வந்து ஐஸ் அள்ளிப் போனார்கள். லோவாப் பறவை வேலியோரக் கோட்டில் ஒரு கால் பனியிலும் ஒரு கால் புல்லிலும் வைத்து, பாடுவதா வேண்டாமா என்று புரியாமல் நின்றது. கிரிமுர் தினமும் காலையில் மஞ்சள் வண்டியைக் கிளப்பி, மலைக்குப் போகாமல், ஸ்வாவா வீட்டு வாசலை மட்டும் வாரிவிட்டு வந்து நிறுத்தினான். "பாதை தொறந்தாச்சு" என்றான். அவள் அப்படிச் சந்தோஷமாக இருந்ததை ஊர் அதற்கு முன் பார்த்ததில்லை.

ஓட்னியால்தான் சும்மா இருக்க முடியவில்லை. வேலியோரம் வந்து நின்றாள்.

"ஏண்டி, அந்த ஆளு வேணும்னா வாயைத் தொறந்து கேக்க வேண்டியதுதானே? எதுக்கு வானத்தைப் புடிச்சு இழுக்கிற?"

"எந்த ஆளு?"

"ஆமாமா, எந்த ஆளு. பனிக்கரடிக்குத்தான் ஸ்வெட்டர் பின்றியாக்கும்."

பின்னினால் குளிர்காலம் நீளும் என்றால் பிரித்தால் குறையத்தானே வேண்டும்? ஓட்னி யோசித்தாள். செத்துப்போன புருஷனின் பச்சை ஸ்வெட்டரைக் கொண்டுவந்து தன் வாசற்படியில் உட்கார்ந்து வரிசை வரிசையாகப் பிரித்தாள். பலன் இருந்தது, ஆனால் அவள் வீட்டில் மட்டும். இரண்டே நாளில் அங்கே ஜூலை வந்துவிட்டது. ஜாம் கிண்டுவதற்காக வைத்திருந்த ரூபார்ப் செடிகளின் புளிப்புத் தண்டுகள் ஜன்னலைத் தாண்டிக் கூரையைத் தொட்டன. ஏணி போட்டுத்தான் அறுத்தாள். அந்த வருஷம் ஊரில் ஜாம் இல்லாத வீடு கிடையாது.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஆடு வளர்க்கிற ஹால்வர் ஒருநாள் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு ஸ்வாவாவின் முற்றத்துக்கு வந்து நிற்கும் வரை.

"ஸ்வாவா, உன் பனி நேத்து என் கொட்டகை ஓரம் வந்துருச்சு. நான் ஒண்ணும் சொல்லல. ஆடுங்க குட்டி போடுற நேரம், அவ்வளவுதான்."

அவள் எழுந்து போய்ப் பார்த்தாள். நேர்கோடு நிஜமாகவே நகர்ந்திருந்தது. கொட்டகையில் அப்போதுதான் பிறந்த குட்டிகள் ஈரத்தோடு வெடவெடவென்று நடுங்கின. வீட்டுக்கு ஓடி அலமாரியைத் திறந்து, கைகளை எல்லாம் போர்வையில் மூட்டை கட்டித் தூக்கி வந்தாள். ஒவ்வொரு குட்டியாகப் பிடித்து மாட்டினாள். சிவப்பு, மஞ்சள், கோடு போட்டது, பாதியில் நின்றது, எல்லாம் அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்தின. கொஞ்ச நேரத்தில் நடுக்கம் நின்றது. ஒரு குட்டிகூடச் சாகவில்லை. ஹால்வர் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "உனக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கு" என்றான். அவன் வாயில் அதைவிடப் பெரிய பாராட்டு வராது.

அன்று மத்தியானமே ஸ்வாவா ஆட்டுத்தோலைச் சுருட்டினாள். ஒரு மனுஷனை இருக்க வைப்பதற்காக ஊரார் ஆட்டைச் சாகடிக்க அவளால் முடியாது. ஸ்வெட்டரை உள்ளே எடுத்துப்போய்ச் சமையலறையில் உட்கார்ந்து பின்னினாள். அழுதுகொண்டேதான் பின்னினாள். அவன் போகும்போது போட்டுக்கொண்டாவது போகட்டும் என்று, பின்னல் ஆரம்பித்த நாளிலிருந்து முதல் முறையாக ஒரு ஸ்வெட்டரை முழுசாக முடித்தாள். இடது கை வலது கையைவிடக் கொஞ்சம் நீளம். மடித்துவிட்டுக்கொள்ளலாம்.

விடிந்து பார்த்தால் பனி பெய்துகொண்டிருந்தது. மறுநாளும் பெய்தது. ஸ்வாவா வெளியே உட்கார்ந்து பின்னவில்லை, ஊசியைக்கூட வாசல் பக்கம் கொண்டுபோகவில்லை. ஹால்வர் வேலியோரம் வந்து மறுபடியும் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தான். அவள் காலணியை மாட்டிக்கொண்டு வீட்டைச் சுற்றி வந்தாள். கீழ்த்தள அறைக்கு மலையைப் பார்த்த பக்கம் தனியாக ஒரு வாசற்படி உண்டு. தெருவிலிருந்து பார்த்தால் தெரியாது. அந்தப் படியில், தோளில் பனி குவிய, நாக்கைக் கடித்துக்கொண்டு கிரிமுர் பின்னிக்கொண்டிருந்தான். மடியில் கிடந்தது துண்டா, பையா, வலையா என்று சொல்ல முடியாது. ஒரு பக்கம் அகலம், மறுபக்கம் குறுகல், நடுவில் ஓட்டை.

"இது ஓட்னியோட பச்சை நூலாச்சே" என்றாள் ஸ்வாவா.

"கைவசம் இருந்த நூல் தீர்ந்ததும் அவங்கதான் குடுத்தாங்க. பிரிச்ச நூலை வீட்ல வெச்சா எலி வருமாம்."

"என்ன பின்றீங்க?"

"தெரியல. முடிஞ்சா தெரியும்னு நினைச்சேன்."

"எப்பலேர்ந்து?"

அவன் ஊசியையே பார்த்துக்கொண்டிருந்தான். "லோவா வந்துருச்சுன்னு ரேடியோல சொன்னாங்களே, அன்னிலேர்ந்து."

ஸ்வாவா முன்வாசல் இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். கூரைப்பனி சரிந்து விழுகிற அளவுக்குச் சிரித்தாள் என்று ஓட்னி இன்றைக்கும் சொல்கிறாள். ஒரே வீட்டில், முன்வாசலில் ஒருத்தி, பின்வாசலில் ஒருத்தன், ஒரே குளிர்காலத்தை இரண்டு பக்கமும் பிடித்து இழுத்தால் அது ஹால்வரின் கொட்டகைக்கு நகராமல் என்ன செய்யும்?

"இங்க பாரு, ரெண்டு கண்ணி விட்டுப்போயிருக்கு" என்று அவள் அந்தப் பச்சையை அவன் கையிலிருந்து வாங்கினாள். "எந்திரி. உள்ள வந்து பின்னு."

"பனி நின்னா நான் போகணும், ஸ்வாவா."

"வாடகைக்கு இருக்கிறவன் போவான். வீட்டுக்காரன் எங்க போவான்?"

கிரிமுர் எழுந்து உள்ளே போனான். பனி அன்று காபி நேரத்துக்குள் நின்றது. சாயங்காலம் முற்றத்தில் புல் தெரிந்தது. வேலி மேல் நின்று லோவாப் பறவை இத்தனை நாள் பாக்கியையும் சேர்த்துப் பாடித் தீர்த்தது. ஹால்வரின் குட்டிகள் வண்ண வண்ணக் கைகளோடு மலைச்சரிவில் துள்ளின. அடுத்த வாரம் சாலை இலாகாவிலிருந்து தொலைபேசி வந்தது. வட்டாரத்தில் பனி எல்லாம் போய்விட்டதா என்று கேட்டார்கள். கிரிமுர் பொய் சொல்லத் தெரியாதவன். வாசலை எட்டிப் பார்த்தான். படியோரம் ஒரு தொப்பி அளவுக்குப் பனி கரையாமல் கிடந்தது. "இன்னும் கொஞ்சம் இருக்கு" என்றான். விதிப்படி வண்டியும் ஆளும் இங்கேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார்கள்.

அந்தப் பனி இதுவரை கரையவில்லை. வருஷா வருஷம் லோவா வந்ததாக ரேடியோவில் சொன்னதும் இருவரும் வாசற்படிக்கு வந்து ஆளுக்கு ஒரு வரிசை மட்டும் பின்னுவார்கள், அதற்கு மேல் ஒரு கண்ணிகூடப் போட மாட்டார்கள். இலாகாவிலிருந்து கேட்டால் கிரிமுர் அதே பதிலைச் சொல்கிறான். ஒரு கை நீளமான சாம்பல் நிற ஸ்வெட்டர் இப்போது முழங்கையில் நைந்துவிட்டது. பச்சைத் துணி என்னவென்று இன்னும் முடிவாகவில்லை. ஸ்வாவா பழையபடி கைகளாகவே பின்னுகிறாள், ஏப்ரலில் ஹால்வர் வந்து வாங்கிப்போகிறான். படியோரப் பனியில் அவள் வெண்ணெய் வைத்திருக்கிறாள்.