வேணு குடித்த டீ

1

இந்தக் கதையை எனக்கு யாரும் சொல்லவில்லை. பழைய யுத்தச் செய்திப் படம் ஒன்றில் ஒரு சிப்பாய் டீ குடிப்பதைப் பார்த்தேன். இவனுடைய அம்மா இதைப் பார்த்திருந்தால்? அன்றிலிருந்து இந்தப் பிடுங்கல்.

'குண்டு மழைக்கு நடுவே தனகோடி தன் கேமராவைத் தூக்கி...'

(இந்த வரியை அடித்துவிட்டேன். பட்டாசுக்கே காதைப் பொத்துகிறவன் நான். எனக்கெதற்கு இந்த வீறாப்பு?)

2

தனகோடி நெய்வேலிக்காரன். நிலம் சுரங்கத்துக்குப் போக, அண்ணன் மைன்ஸில் பர்மனென்ட் ஆனார். இவன் பம்பாய் போய் செய்திப் படம் எடுப்பவனானான். கோவா, சீனா, பாகிஸ்தான் என்று மூன்று சண்டையைப் படம் பிடித்தவன்.

அறுபத்தைந்தில் பஞ்சாப் எல்லையில், நெய்வேலிக்குப் பக்கத்துக் கம்மாபுரத்துச் சிப்பாய் வேணுவைப் பார்த்தான். ஊர்ப்பையனைக் கண்ட சந்தோஷத்தில் அவன் சிரித்துக்கொண்டே டீ குடிப்பதை எடுத்தான். மறுநாள் சண்டையில் வேணு செத்தான்.

பம்பாயில் படத்தை வெட்டி ஒட்டும்போது, வெற்றிக்குப் பிறகு காட்ட ஒரு சிரித்த முகம் தேவைப்பட்டது. அந்த டீயைத் தூக்கிக் கடைசியில் ஒட்டினான். (இந்தத் தொழிலில் எல்லாரும் செய்வதுதான். நானும் இந்தப் பகுதியை நாலு தடவை இடம் மாற்றிவிட்டேன்.) வேணு செத்தது அப்போது அவனுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் ஒட்டியிருக்க மாட்டான், ஆனால்...

3

நெய்வேலி டவுன்ஷிப் திடலில் திரை கட்டி அந்தப் படத்தைப் போட்டார்கள். வேணுவின் அம்மா கஸ்தூரியம்மாள் பார்த்துவிட்டாள். மகன் செத்ததாகப் போன வாரம் வந்த பட்டாளத்துத் தந்தி பொய்யென்று அடித்துச் சொன்னாள். கருமாதி நின்றது. மருமகள் பார்வதிக்குப் பொட்டும் பூவும் அப்படியே இருந்தன. அவளுக்கு ஏழு மாதம்.

தனகோடி லீவில் வந்ததும் மாமியாரும் மருமகளும் அவன் அண்ணனின் குவார்ட்டர்ஸுக்கு வந்தார்கள். பார்வதி வெளியே நின்றாள்.

"தம்பி, நீதான் படம் புடிச்சியாமே. சண்ட முடிஞ்சிதான எம்புள்ள டீ குடிச்சிகினு இருக்கான்?"

நான் எழுதிய முதல் முடிவில் அவன் "ஆமாங்கம்மா" என்றான். அவள் ஆயுசு முழுக்கத் தபால்காரனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கிழித்துப் போட்டேன்.

இரண்டாவது இது:

"சண்டைக்கு மொத நாளு எடுத்ததுங்கம்மா. நாந்தான் கடைசில ஒட்டிட்டேன். தப்பு பண்ணிட்டேங்க."

அவள் வாயில் ஒரு பக்கத்துக்குச் சாபம் எழுதி வைத்திருந்தேன். அதைப் பேச மறுத்துவிட்டாள். சிமென்ட் தரையில் உட்கார்ந்தாள்.

"அந்த டீய முழுசா குடிச்சானா?"

"குடிச்சாங்க. இன்னொண்ணும் கேட்டு வாங்கிக் குடிச்சான்."

(அந்த இரண்டாவது டீ நடந்ததா? எனக்குத் தெரியாது. தனகோடியைக் கேட்கவும் மனம் வரவில்லை.)

அழுது முடித்து முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "பார்வதிகிட்ட சொல்லிடாத தம்பி. கொழந்த பொறக்கட்டும்."

4

பார்வதி உள்ளே வந்துவிட்டாள். மாமியாரை அவள் பார்க்கவில்லை. தனகோடியைத்தான் பார்க்கிறாள்.

"அத்த கேட்டதுக்கு என்னாங்க சொன்னீங்க?"

தனகோடி என்னைப் பார்க்கிறான். என்னை நம்பாதீர்கள், நானும் வெட்டி ஒட்டுகிறவன்தான். அவளுக்கு நீங்களே பதில் சொல்லுங்கள். ரொம்ப நேரம் யோசிக்காதீர்கள், கால் வீங்கிப்போய் நிற்கிறாள்.