கொம்பில் ஆடிய துப்பாக்கி

"லேசான துப்பாக்கியை மூஸ் மான் எடுத்துட்டுப் போயிடுச்சு, தூலிக்கி. கனமானதை மோந்து பாத்துட்டு வேணாம்னு விட்டுடுச்சு!" என்றார் கிழட்டு வேட்டைக்காரர் வில்ஹோ.

துப்பாக்கிக் கடைக்காரி தூலிக்கிக்குத் தலை மூன்று சுற்று சுற்றியது. எதை வாங்கலாம் என்று பின்லாந்துக் காட்டில் சுமந்து பார்க்க அவரிடம் இரண்டு துப்பாக்கிகளைக் கொடுத்தனுப்பியிருந்தாள். திரும்பி வந்தது ஒன்று.

"பிர்ச் மரத்துல ரெண்டையும் மாட்டிட்டு காபி போட்டேன். அந்த மான் வந்து மரத்துல கொம்பைத் தேய்ச்சுது, துப்பாக்கியோட தோல்வார் கொம்புல சிக்கிக்கிச்சு. ஒவ்வொரு கொம்பும் உன் கடைக் கதவு அகலம்!"

"யோவ் பெரியவரே, போன வருஷம் கரடி வந்து உம்ம சூப்புல உப்பு பத்தலைன்னுச்சுன்னு கதை விட்டீரு. இப்ப மான் துப்பாக்கி வாங்குதாக்கும்? போலீசுக்குச் சொல்றேன். உம்ம வேட்டை லைசென்ஸ் போச்சு!"

"ஐயோ, நாளைக்கு வேட்டை ஆரம்பிக்குதே, தாயே!"

தூலிக்கி போனைச் சுழற்றினாள். சட்டென்று ஜன்னல் இருண்டது. வாசல் ஆப்பிள் மரத்தை, குதிரையைவிடப் பெரிய ஒரு மூஸ் மான் சாவகாசமாக மேய்ந்துகொண்டிருந்தது. அதன் கொம்பில், விலைச்சீட்டோடு, அவளுடைய துப்பாக்கி ஊஞ்சலாடியது.

"போலீஸ் ஸ்டேஷன், சொல்லுங்க," என்றது போன்.

தூலிக்கி ஜன்னலைப் பார்த்தபடியே போனில் சொன்னாள்.

"சார்... துப்பாக்கி காணோம்னு சொல்ல வந்தேன். பெரியவர் பேர்ல தப்பில்லீங்க. எடுத்தது மான்தான். என் கண்ணாலயே பாக்குறேன்."