வாடகைக்காரரின் நஷ்டக் கணக்கு

அந்த வருஷம் ஓலவி உருப்படியாகச் செய்த காரியம் ஒன்றே ஒன்றுதான். அதையும் ஹில்க்கா கெடுத்தாள். கெடுத்ததில் இருபத்தோராயிரம் டாலர் லாபம் வந்தது என்பது வேறு விஷயம்.

கனடாவில் தண்டர் பே ஊர்க் காகித ஆலையில் இயந்திரம் ஓட்டி ஓய்வு பெற்றவன் ஓலவி. ஹில்க்கா பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவள். புருஷன் போய் வெகு காலம் ஆகிறது. அதற்கு முந்தின வருஷம் நவம்பரில், ஓலவி வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ் உயிரை விட்டது. "பார்ட் வர்ற வரைக்கும் என் வீட்ல இருந்துக்கோ" என்று ஹில்க்கா சொன்னாள். பார்ட் வந்தது, மாட்டியும் ஆயிற்று. ஓலவி திரும்பிப் போகவில்லை. அவளும் போகச் சொல்லவில்லை.

ஊரில் யார் கேட்டாலும் "கீழ் ரூம்ல வாடகைக்கு இருக்கார்" என்பாள். கீழ் ரூமில் இருந்தது உருளைக்கிழங்கு மூட்டையும் ஓலவி பனித்தரையில் ஆடும் கர்லிங் ஆட்டத்துத் துடைப்பமும்தான். ஊருக்கும் அது தெரியும். ஓலவிக்குத்தான் உறுத்தியது. கல்யாணம் பண்ணிக்கொள்ளலாமா என்று இரண்டு முறை கேட்டுப் பார்த்தான். முதல் முறை சிரித்தாள். இரண்டாம் முறை, "பான்கேக் கருகுது" என்று அடுப்புப் பக்கம் திரும்பிவிட்டாள். கல்யாணம்கூட வேண்டாம், இவன் என் ஆள் என்று நாலு பேர் முன்னால் ஒரு வார்த்தை அவள் வாயிலிருந்து வந்தால் போதும் என்று அவனுக்கு ஏக்கமாக இருந்தது.

பணம் விஷயத்தில் இரண்டு பேருக்கும் ஏழாம் பொருத்தம். நல்ல வட்டி கிடைக்கும் சாதுவான வைப்புத்தொகையைக் கொண்டுபோய் வரியில்லாக் கணக்கில் போட்டு நிரப்பி வைத்திருந்தான் ஓலவி. தாறுமாறாகத் துள்ளும் சுரங்கப் பங்கைச் சாதாரணக் கணக்கில் வாங்கினான். அது ஏறினால் லாபத்தில் பாதிக்கு வரி உண்டு.

"தலைகீழாப் பண்ணியிருக்கியேய்யா" என்று ஹில்க்கா அப்போதே கத்தினாள். "துள்ளுறதைத்தானே வரி இல்லாத இடத்துல வைக்கணும்?"

"அங்க வெச்சு அது விழுந்துட்டா? வரியில்லாக் கணக்குல நஷ்டம் வந்தா கழிச்சுக்க முடியாது. சாதாரணக் கணக்குன்னா வேற லாபத்துல கழிச்சுக்கலாம்."

"விழும்னு தெரிஞ்சே வாங்குற ஒரே ஆள் நீதான்யா."

அவளிடம் வாய் கொடுத்து மீள முடியாது. தன் அமெரிக்கப் பங்குகளை எல்லாம் அவள் ஓய்வுக் கணக்கில்தான் வைத்திருந்தாள். அங்கே இருந்தால் ஈவுத்தொகையில் அமெரிக்காக்காரன் கை வைக்க மாட்டான். வரியில்லாக் கணக்கில் இருந்தால் நூற்றுக்குப் பதினைந்தைப் பிடுங்கிக்கொள்வான். இதையெல்லாம் முட்டை வாங்க ஊரின் அந்தக் கோடி வரை வண்டி ஓட்டும்போதே யோசித்து வைத்துவிடுவாள். அங்கேதான் முட்டை விலை குறைவு.

விழாது என்று ஓலவி நம்பிய பங்கு விழத்தான் விழுந்தது. வடக்கே தங்கம் தேடித் துளை போடும் சின்னக் கம்பெனி அது. இருபத்தையாயிரம் டாலருக்கு வாங்கியது ஏழாயிரத்துக்கு வந்து நின்றது. ஆனால் அந்த டிசம்பரில் அவனுக்கு ஒரு யோசனை உதித்தது. ஏரிக்கரைக் குடிலில் தன் பங்கைத் தம்பிக்கு விற்றதில் பெரிய லாபம் வந்திருந்தது, அதற்கு வரி கட்டியாக வேண்டும். வருஷம் முடிவதற்குள் சுரங்கப் பங்கை நஷ்டத்துக்கு விற்றால், அந்தப் பதினெட்டாயிரத்தைக் குடில் லாபத்தில் கழித்துக்கொள்ளலாம். வரியில் இரண்டாயிரத்து எழுநூறு டாலராவது மிஞ்சும்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் விற்றான். சரியான காரியம்தான். ஆனாலும் சாயங்காலம் முழுக்கக் காபியை ஆறவிட்டு ஜன்னல் வழியே பனியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். "தங்கம் அங்க இருக்கு ஹில்க்கா. என் உள்மனசு சொல்லுது" என்றான். அவள் அவன் முகத்தையே பார்த்தாள்.

ஜனவரி நடுவில் ஒரு புதன்கிழமை. புதனும் சனியும் அவர்கள் வீட்டில் சவுனா என்னும் ஆவிக்குளியல் நாள். வெளியே மூக்கு உதிர்ந்துவிடும் குளிர். ஓலவி கொல்லையில் சவுனா அடுப்புக்கு விறகு வைத்துக்கொண்டிருந்தபோது சட்டைப் பையில் போன் நடுங்கியது. எடுத்துப் பார்த்தவன் விறகைக் காலில் போட்டுக்கொண்டான்.

அந்தச் சின்னக் கம்பெனி போட்ட கடைசித் துளையில் தங்கம் அகப்பட்டிருந்தது. கொஞ்சநஞ்சமல்ல. முப்பத்தைந்து காசுக்கு அவன் விற்ற பங்கு ஒரு டாலர் நாற்பது காசில் நின்றது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே நாற்பத்திரண்டு ஆயிற்று.

"ஹில்க்கா!" என்று அவன் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. "வித்துட்டேனே! பாவி, வித்துத் தொலைச்சிட்டேனே!"

உள்ளிருந்து ஹில்க்கா ஓடி வந்தாள். கோட்டு இல்லை, தலையில் துண்டு, கையில் போன். அவள் அதைவிடப் பெரிதாகக் கத்தினாள். "வாங்கிட்டேன்! யோவ், நான் வாங்கிட்டேன்யா!"

"எதை?"

"அதைத்தான்! நீ வித்தியே, அதே இருபதாயிரம் பங்கு! புது வருஷம் பிறந்ததும் என் வரியில்லாக் கணக்குல ஏழாயிரத்துக்கு இடம் கிடைச்சுதா, மொத்தத்தையும் அதுலயே போட்டேன். அன்னிக்கு உன் மூஞ்சியப் பார்க்கச் சகிக்கல. நாலு காசு ஏறினா உன் பிறந்த நாளைக்குக் குடுக்கலாம்னு நினைச்சேன். இப்பப் பாரு, இருபத்தெட்டாயிரம்! ஒரு காசு வரி கிடையாது!"

ஓலவி அவளைத் தூக்கிவிட்டான். அறுபத்துமூன்று வயதில் அந்த எடையைத் தூக்கியது மறுநாள்தான் இடுப்புக்குத் தெரிந்தது. இரண்டு பேரும் பனியில் குதித்தார்கள். துண்டு எங்கோ பறந்தது. அவள் அவன் காதைப் பிடித்து ஆட்டி, "தங்கம் இருக்குன்னு சொன்னே! சொன்னேல்ல!" என்று சிரித்தாள். லாபம் அவள் கணக்கில் இருக்கிறது என்பதே ஓலவிக்கு மறந்துபோயிற்று. தன் பேச்சை நம்பி இந்தக் கஞ்சப் பிசினாறி ஏழாயிரம் டாலரைப் போட்டிருக்கிறாள் என்பதிலேயே அவனுக்குத் தலைகால் புரியவில்லை.

சந்தோஷம் தாங்காமல் நெல்லோவுக்கு போன் போட்டான். நெல்லோ பொர்த்தோலின் என்பவன் ஊருக்கெல்லாம் வரிக்கணக்கு எழுதுபவன், ஓலவியின் கர்லிங் கூட்டாளி.

"ஸ்பீக்கர்ல போடுடா" என்றான் விஷயத்தைக் கேட்டதும். "ஹில்க்கா, நல்லாக் கேளுங்க. நஷ்டத்துக்கு வித்த பங்கை, வித்தவனோ அவன் பெண்டாட்டியோ முப்பது நாளுக்குள்ள திரும்ப வாங்கி வெச்சிருந்தா அந்த நஷ்டம் செல்லாது. அதுவும் வரியில்லாக் கணக்குல வாங்கினா நஷ்டம் போனது போனதுதான். அந்த முப்பது நாள் வெள்ளிக்கிழமையோட முடியுது. அதுக்குள்ள எல்லாத்தையும் வித்துட்டீங்கன்னா தப்பிச்சுக்கலாம்."

"நான் எதுக்கு விக்கணும்? இன்னும் ஏறும். அதோட, நாங்க புருஷன் பெண்டாட்டி இல்லையே."

"கல்யாணம் ஆகணும்னு சட்டம் சொல்லல. ஒரு வருஷம் சேர்ந்தாப்ல குடும்பம் நடத்தினாலே ஜோடிதான். நீங்க ஜோடியா, இல்லையா?"

கேள்வி ஸ்பீக்கரிலிருந்து வந்து சமையலறை நடுவில் நின்றது. ஓலவி மூச்சைப் பிடித்துக்கொண்டு ஹில்க்காவைப் பார்த்தான். அவள் ஈரத் தலையைத் துவட்டினாள்.

"அவர் வாடகைக்கு இருக்கார்" என்றாள்.

அன்றைக்கு சவுனாவில் ஓலவி கல்லின்மேல் தண்ணீரை வழக்கத்தைவிட அதிகமாகவே ஊற்றினான். ஆவி கண்ணை எரித்தது என்று சொல்லிக்கொள்ள வசதியாக இருந்தது.

வெள்ளிக்கிழமை போயிற்று. அவள் விற்கவில்லை.

ஏப்ரலில் இரண்டு பேரும் நெல்லோவின் அலுவலகத்துக்குப் போனார்கள். வழியில் ஹில்க்கா ஒரு டப்பா பெர்ஷியன் வாங்கினாள். ரோஜா நிறச் சர்க்கரை பூசிய அந்த பன் இல்லாமல் அந்த ஊரில் யாரும் எந்தக் காரியத்துக்கும் போவதில்லை. வண்டியில் வரும்போதே ஓலவி ஒரு முடிவு பண்ணியிருந்தான். அவளுக்கு வாய் வராது. சங்கடப்படுத்தவும் கூடாது. நாமே சொல்லிவிடலாம்.

நெல்லோ கண்ணாடியை மாட்டிக்கொண்டான். "ஹில்க்கா, உங்க படிவத்துல வழக்கம்போல விதவைன்னே போடட்டுமா?"

ஹில்க்கா பன்னைக் கடித்தாள். ஓலவி முந்திக்கொண்டான்.

"அப்படியே போடுடா. நான் வாடகைக்காரன்தான். அவங்களுக்கும் எனக்கும் ஒண்ணும் இல்ல. என் நஷ்டத்தைக் கழிச்சிடு."

ஹில்க்கா மெல்லுவதை நிறுத்தினாள்.

"சரி" என்று நெல்லோ பேனாவை எடுத்தான். "நீங்க சொல்றதைத்தான் நான் எழுதுவேன், நாளைக்கு வரி இலாகா கேட்டா பதில் நீங்கதான் சொல்லணும். வாடகைன்னா ஹில்க்கா அதை வருமானத்துல காட்டணும். மாசம் எவ்வளவுடா குடுக்கறே?"

ஓலவி விழித்தான். அதை அவன் யோசிக்கவே இல்லை.

"ஒண்ணும் இல்லைன்னாரே, கேட்டியா நெல்லோ?" ஹில்க்காவின் குரல் பஸ்ஸில் கடைசி சீட்டுப் பையன்களை அடக்கும் குரலாகிவிட்டது. "ஒண்ணும் இல்லையாமே! போன மாசம் இவருக்குக் காய்ச்சல் வந்தப்ப விடிய விடிய யாருய்யா முழிச்சிட்டிருந்தது? வாடகைக்காரனுக்கு எவளாவது உள்பனியன் தைச்சுக் குடுப்பாளா? வாய் கூசாமச் சொல்றாரு பாரு, வாடகைக்காரனாம்!"

"நீதானே ஹில்க்கா ஊர் பூரா..."

"நான் சொல்வேன்! நான் சொன்னா நீயும் சொல்லிடுவியா?" அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. அதை மறைக்கவும் இல்லை. "அந்த வார்த்தை கேக்கறதுக்கு எப்படி இருக்கும்னு எனக்கு இன்னிக்குத்தான் தெரியுது."

நெல்லோ ஒன்றும் தெரியாதவன்போலப் பெர்ஷியன் டப்பாவைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டான்.

"அப்ப ஜோடின்னு போடறேன். ஆனா முன்னாடியே சொல்லிடறேன் ஹில்க்கா, உங்களுக்குக் கணக்குன்னா உசுரு. இவன் நஷ்டம் செல்லாமப் போயிடும், ரெண்டாயிரத்து எழுநூறு கையை விட்டுப் போகும். அதோட முடியல. தனித்தனியா இருந்தா அவரவர் வீட்டை வித்தா வரி கிடையாது. ஜோடின்னா ரெண்டு வீட்ல ஒண்ணுக்குத்தான் அந்தச் சலுகை. இனிமே ரெண்டையும் வெச்சிருந்தா, வருஷா வருஷம் ஏறுற விலையில ஒரு வீட்டுக்கு வரி சேர்ந்துட்டே இருக்கும்."

முட்டைக்காக ஊரின் அந்தக் கோடிக்குப் போகிறவள் அவள். ஓலவிக்கு அவள் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லை. மேஜையைப் பார்த்தான்.

ஹில்க்கா கைக்குட்டையால் மூக்கைச் சிந்தினாள். அரை நிமிஷம்கூட யோசிக்கவில்லை.

"அப்ப இவர் வீட்டை வித்துடுவோம். இந்தக் கோடையிலேயே. ஒரு குடும்பத்துக்கு எதுக்கு ரெண்டு ஃபர்னஸ்?"

நெல்லோ எழுதினான். "ஓலவி, உன் பதினெட்டாயிரம் நஷ்டம் செல்லாதுடா" என்று உரக்கச் சொன்னான்.

"இன்னொரு தடவை சொல்லுடா" என்றான் ஓலவி.