ஜெர்மனியில் நான் மந்திரியாக இருந்த மத்தியானம்

ஜெர்மனியில் நான் முப்பத்தொரு வருஷம் தொழிலாளர் கட்சித் தலைவராக இருந்தேன். எல்லாம் ஒரே செவ்வாய்க்கிழமை, மத்தியானம் இரண்டு மணிக்கும் மூன்று மணிக்கும் நடுவில்.

என் மகளும் அவள் புருஷனும் அங்கே ஒரு சுரங்க ஊரில் இருக்கிறார்கள். பார்க்கப் போயிருந்தோம், நானும் சம்பந்தி வேதாசலமும். வழி கேட்க ஒரு மண்டபத்துக்குள் நுழைந்தோம். கட்சிக் கூட்டம். ஒருவர் நான்கு வருஷமாகப் பேசிக்கொண்டிருந்தார். பெரம்பூரில் எங்கள் சங்கத்தில் யாராவது அப்படிப் பேசினால், டீ வரட்டும் என்று மேஜையைத் தட்டுவோம். தட்டினேன். அங்கே தட்டினால் தலைவர் பதவிக்குச் சம்மதமாம். நூறு பேர் கூடவே தட்டினார்கள்.

“தலைவராகிவிட்டீர்கள்,” என்றாள் மேடையோரம் பதிவேட்டோடு இருந்த குமாஸ்தா அம்மாள்.

“எனக்கு ஜெர்மன் தெரியாதே.”

“பழைய தலைவருக்குத் தெரியும். அதனால் என்ன ஆயிற்று?”

வேதாசலம் காதருகே வந்தார். “ரீல் விடாதீங்க சம்பந்தி.”

“கண்ணு முன்னாலதானய்யா நடக்குது.”

“கண்ணால பாத்தா நம்பணும்னு சட்டமா?”

குமாஸ்தா என் வாழ்க்கை வரலாற்றை வாசித்தாள். சுரங்கத் தொழிலாளிக்கு ஏழாவது பிள்ளை. பதினான்கு வயதில் பட்டறை வேலை. பிறகு சிறை.

“எப்போது சிறைக்குப் போனேன்?”

“இப்போதுதான். வலது பக்கம் மூன்றாவது கதவு.”

எட்டு நிமிஷம் இருந்தேன். வெளியே வருவதற்குள் கட்சி இரண்டாக உடைந்திருந்தது. இரண்டுக்கும் நானே தலைவர். என்னைத் துரோகி என்று கண்டித்து நானே அறிக்கை விட்டேன். அதை மெச்சி மந்திரி பதவி கொடுத்தார்கள். மண்டபத்தின் நீண்ட நடையில் ஓர் அடி வைத்தால் ஒரு வருஷம். சுவரில் இருந்த என் படங்களுக்கு நரை கூடிக்கொண்டே போனது.

நடையின் கடைசியில் ஒரு பெண் சூப் கிண்ணத்தோடு நின்றாள்.

“என் புருஷன் குனிபெர்ட் சுரங்கத்துக்குள் இருக்கிறார். ஷிப்ட் முடிந்து பத்தொன்பது வருஷம். மந்திரி கையெழுத்து இல்லாமல் லிப்ட் மேலே வராதாம்.”

“கையெழுத்துப் போட்டால் பதவி போய்விடும்,” என்றாள் குமாஸ்தா. “குழு அமைக்கலாம்.”

அமைத்தேன். குழு கூடியது. குனிபெர்ட்டின் நலன் கருதிச் சூப்பைக் குடித்துவிட்டுக் கலைந்தது.

“நடக்காத சமாச்சாரம்தானே,” என்றார் வேதாசலம். “போட்டுத் தொலைங்களேன்.”

போட்டேன். படங்கள் ஒவ்வொன்றாகக் கழன்று விழுந்தன. லிப்ட் வந்தது. குனிபெர்ட் முழுக்கக் கரியாக இறங்கினார். மனைவி துடைத்துக்கொண்டே இருந்தாள். முகம் வர நேரமாயிற்று.

குமாஸ்தா பதிவேட்டைப் புரட்டினாள். “இப்படி ஒரு மந்திரி இருந்ததே இல்லை. கையெழுத்து செல்லாது. சாட்சி இல்லையென்றால் அவர் கீழே போக வேண்டும்.”

குனிபெர்ட் ஒரு காலை லிப்டுக்குள் வைத்தார். அந்தப் பெண் அவர் சட்டையை விடவில்லை.

எல்லோரும் வேதாசலத்தைப் பார்த்தார்கள். அவர் என்னை ஒரு தடவை முறைத்தார்.

“நடந்ததும்மா,” என்றார். “அத்தனையும் நடந்தது. நான் கூடத்தான் இருந்தேன்.”