தையல்காரியின் வெந்நீர்

அந்தக் கோடையின் உச்சத்தில், தார்ச்சாலையில் செருப்பு ஒட்டிக்கொண்ட ஒரு நண்பகலில், தையல்காரியின் அறையில் ஜாடியிலிருந்த குடிநீர் உறைந்து ஜாடி இரண்டாகப் பிளந்தது. அவள் கண்ணாடித் துண்டுகளைக் கூட்டி அள்ளினாள். பனிக்கட்டியை நன்றாகக் கழுவிச் சமையலறைக்குக் கொண்டுபோய்க் கொடுத்தாள். தங்கையின் மகள் அதை உடைத்து எலுமிச்சைச் சாற்றில் போட்டு ஆளுக்கொரு டம்ளர் நீட்டினாள். வாத்தியார் குடித்துவிட்டு, வெயிலுக்கு இதமாக இருக்கிறது என்று சொல்லி இன்னொரு டம்ளர் கேட்டார். அவளுடைய அந்தப் பின்னறை குளிர்ந்துபோனதை அதற்குள் அந்த வீட்டில் எல்லோரும் ஒரு வசதியாகவே எடுத்துக்கொள்ளப் பழகியிருந்தார்கள். பாலை அங்கேதான் வைத்தார்கள். மகள் பரீட்சைக்குப் படிப்பதும் அங்கேதான்.

வாத்தியார் என்றால் தங்கையின் கணவர். பள்ளியில் பூகோளம் நடத்துபவர். உலகத்தில் எந்தக் காற்று எங்கிருந்து கிளம்பி எங்கே போய்ச் சேரும் என்று தெரிந்தவருக்கு, சொந்த வீட்டில் வெந்நீர் கிடைக்கவில்லை. பழைய கீசரைப் போட்டால் விளக்கு மங்கும், மிக்சி முனகும், இரண்டு பேர் குளித்து முடித்தால் மூன்றாவது ஆளுக்குப் பச்சைத்தண்ணீர்தான். அந்த மூன்றாவது ஆள் எப்போதும் தையல்காரியாகவே இருந்தாள் என்பதை யாரும் ஏற்பாடு செய்யவில்லை. அது தானாக அப்படி அமைந்தது. பிறகு கீசர் ஒருநாள் சுவரை அதிரவைத்துக்கொண்டு செத்தது. மின்சாரத்தைக் கால்வாசிகூடத் தின்னாத ஹீட் பம்ப் என்ற வெந்நீர் இயந்திரம் ஒன்றை வாத்தியார் உடன்வேலை பார்ப்பவர் வீட்டில் பார்த்து வந்திருந்தார். மறுவாரமே ஆளை வரவழைத்தார்.

வந்த மெக்கானிக் மெலிந்த, அவசரப்படாத மனிதர். "இது சூட்டை உண்டாக்காதுங்க. சுத்தி இருக்கிறதுலேருந்து எடுத்துத் தண்ணிக்குள்ள கொண்டுபோய் வைக்கும். ஃப்ரிட்ஜைத் திருப்பிப் போட்ட மாதிரின்னு வச்சுக்குங்க" என்றார். தொட்டியைக் குளியலறை மேலே ஏற்றினார். காற்றை இழுக்கும் பெட்டியை எங்கே வைப்பது என்று வீட்டைச் சுற்றி வந்தார். முன்பக்கம் வைத்தால் நடைபாதை அடைபடும். மாடியில் வைத்தால் குழாய் நீளும், வழியிலேயே சூடு வீணாகும். மிச்சமிருந்தது பின்னறைச் சன்னலை ஒட்டிய சுவர். "இந்த ரூம்ல யாராவது இருக்காங்களா? குளிர்காத்து உள்ள அடிக்கும்" என்று கேட்டார். வாத்தியார் தங்கையைப் பார்த்தார். தங்கை சுவரைப் பார்த்தாள். தையல் மெஷினில் உட்கார்ந்திருந்த தையல்காரி தலையைத் தூக்காமலே, "அடிக்கட்டுமே, எனக்கும் புழுக்கமாத்தான் இருக்கு" என்று சொல்ல, எல்லோருக்கும் மூச்சு வந்தது.

அவள் தங்கையைவிடப் பத்து வயது மூத்தவள். அம்மா போனபோது தங்கைக்கு நான்கு வயது. அன்றிலிருந்து தலைவாரி, சோறூட்டி, படிக்கவைத்து, கட்டிக்கொடுத்து, பிறகு தங்கை கூப்பிட்டதால் தையல் மெஷினோடு இந்த வீட்டுக்கு வந்து சேர்ந்தவள். சாது இல்லை. அளவு மாற்றிச் சொன்ன வாடிக்கையாளர்களை அவள் வாங்குகிற வாங்கு தெருமுனைவரை கேட்கும். கோபம் வந்தால் காது சிவக்கும். சிரித்தால் கண்ணில் தண்ணீர் வரும். யார் வீட்டுச் சாவுக்குப் போனாலும் சொந்தக்காரர்களைவிட அதிகம் அழுதுவிட்டு வருவாள்.

புது இயந்திரம் அருமையாக வேலை செய்தது. எத்தனை பேர் குளித்தாலும் வெந்நீர் குறையவில்லை. இரண்டாம் மாதம் மின் மீட்டர் கொஞ்சமாக ஓடியது. நான்காம் மாதம் வெந்நீர் என்ற ஒன்று அந்த வீட்டில் இருப்பதே மீட்டருக்குத் தெரியவில்லை. வாத்தியார் பள்ளியிலிருந்து ஆட்களைக் கூட்டிவந்து குழாயைத் திறந்து காட்டினார். புயலில் கம்பங்கள் சாய்ந்து தெருவே இருட்டில் கிடந்த நாட்களிலும் அந்தக் குழாயில் ஆவி பறந்தது. பக்கத்து வீட்டுக்காரர்கள் வாளியோடு வந்து பிடித்துப் போனார்கள்.

பின்னறையில் மெஷின் எண்ணெய் முதலில் கெட்டியானது. பிறகு சன்னல் விளிம்பில் ஈக்கள் விறைத்துக் கிடந்தன. தையல்காரியின் மூச்சு புகையாகத் தெரிந்தது. குண்டூசிகள் அவள் விரலில் ஒட்டிக்கொண்டு உதறினாலும் விழவில்லை. அவள் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டாள். சில வாரங்களில் அதையும் கழற்றி வைத்துவிட்டாள், குளிர் தெரியவில்லை என்றாள். சட்டைக் கை ஒன்று நீளமாகிவிட்டது என்று சண்டைக்கு வந்த பெண்ணிடம், "சரி, பிரிச்சுத் தரேன்" என்று சொன்னாள். வந்தவள் பயந்து போனாள். எதிர்வீட்டுச் சாவில் ஒரு சொட்டு அழாமல் உட்கார்ந்திருந்து, எழுந்து வந்து, விட்ட இடத்திலிருந்து தைத்தாள். ஒருநாள் இஸ்திரிப் பெட்டி சூடேறியதா என்று பார்க்க உள்ளங்கையை அதன் அடியில் வைத்தாள். மகள் அலறிக்கொண்டு ஓடிவந்தாள். கை பழுக்கவில்லை. பெட்டிதான் ஆறிப்போயிருந்தது. "ஏன் கத்தறே, சுடவே இல்லையே" என்று பெரியம்மா கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டாள்.

தங்கைக்கு விஷயம் தெரிந்தது குளியலறையில். தலைவலியோடு வேலையிலிருந்து சீக்கிரம் திரும்பிய ஒரு சாயங்காலம், தலைக்கு ஒரு செம்பு ஊற்றினாள். தண்ணீர் உச்சியில் விழுந்து, வழக்கம்போல் வழிந்தோடாமல், பின்கழுத்தில் ஒரு கணம் நின்றது. இடது காதின் பின்புறம் போய் அங்கேயும் நின்றது. சின்ன வயதில் காய்ச்சல் விட்டதும் அக்கா தலைக்கு ஊற்றிவிட்டு, பின்கழுத்தில் கையை வைத்துப் பார்ப்பாள், பிறகு காதின் பின்னால் சோப்பு போகத் தேய்ப்பாள். அதே சூடு. அதைவிட ஒரு துளி கூடவும் இல்லை, குறைவும் இல்லை. தங்கை சோப்பு நுரையோடு துண்டைச் சுற்றிக்கொண்டு பின்னறைக்கு ஓடினாள். அக்கா பித்தான் தைத்துக்கொண்டிருந்தாள். கையைப் பிடித்தால், பனியில் கிடந்த கத்தரிக்கோலைப் பிடித்த மாதிரி இருந்தது.

"எப்பலேருந்துக்கா இப்படி?"

"எப்படி?"

"உன் உடம்பு. ஐஸ் மாதிரி இருக்கு."

அக்கா யோசித்துப் பார்த்தாள். "தண்ணி நல்லா வருதுல்ல? அப்புறம் என்ன" என்றாள்.

இயந்திரத்தை உடனே நிறுத்தினார்கள். தண்ணீர் சுட்டுக்கொண்டே வந்தது. அக்காவை முன்னறைக்கு மாற்றினார்கள், அப்போதும் வந்தது. மெக்கானிக் வந்து வெளிப்பெட்டியின் மூடியைத் திறந்ததும் நிமிர்ந்து பார்த்தார். உள்ளே அணில் ஒயரைக் கடித்துத் துண்டாக்கி, கூடும் கட்டி, அந்தக் கூடும் பழசாகிக் கிடந்தது. "இது ஓடியே பல மாசம் ஆச்சுங்க" என்றார். பிறகு குழாயடியில் கையை நீட்டிப் பார்த்துவிட்டு, கையை வெகுநேரம் சட்டையில் துடைத்தார். "இது கேரண்டியில வராது" என்றார்.

தொட்டியைக் கழற்றச் சொல்லித் தங்கை அழுதாள். "கழட்டிடலாம்மா. ஆனா உள்ள இருக்கிறது அவங்ககிட்ட திரும்பிப் போகுமா, இல்ல காத்தோட போயிடுமான்னு எனக்குத் தெரியாது" என்று அவர் சொன்னதற்குப் பிறகு யாருக்கும் துணிச்சல் வரவில்லை. அந்தத் தண்ணீரிலேயே அக்காவைக் குளிப்பாட்டினால் சரியாகும் என்று மகள் சொன்னாள். குளிப்பாட்டினார்கள். குளியலறைக்குள் இருக்கும்வரை காது சிவந்தது, என்னவோ நினைத்துக்கொண்டு ஒருமுறை சிரிக்கக்கூடச் செய்தாள். துவட்டி முடிப்பதற்குள் எல்லாம் வந்த வழியே போயிற்று. தங்கை கொஞ்ச நாள் பிடிவாதமாகப் பச்சைத்தண்ணீரில் குளித்தாள். வாத்தியாரும் அவளுக்குப் பயந்து அப்படியே செய்தார். பிறகு மழைக்காலம் வந்தது. முதலில் மகளுக்குச் சளி என்று ஒரு வாளி பிடித்தார்கள். அதற்கப்புறம் யாரும் காரணம் சொல்லவில்லை. ஒவ்வொருவரும் தனியாகப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சுடச்சுடக் குளித்துவிட்டு, முகத்தை யாருக்கும் காட்டாமல் வெளியே வந்தார்கள். தையல்காரி எல்லோருக்கும் துண்டு எடுத்துக் கொடுத்தாள்.

மழை விட்டதும் அவள் ஊரை விட்டுப் போவதாகச் சொன்னாள். வேறு நகரத்தில் ஒரு தையல் பள்ளி அவளைப் பாடம் நடத்த வெகுகாலமாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. போகாததற்குக் காரணம் பயம்தான். தங்கையை விட்டுவிட்டு இருக்கமுடியுமா என்ற பயம், தெரியாத ஊர், தெரியாத ஆட்கள் என்ற பயம். அந்தப் பயமும் இப்போது தொட்டியில்தான் இருந்தது. பேருந்து நிலையத்தில் தங்கை தேம்பித் தேம்பி அழுதாள். அக்கா அவள் கண்ணைத் துடைத்துவிட்டு, விரலில் உறைந்த கண்ணீரைச் சுண்டிவிட்டு, சன்னலோர இருக்கையில் போய் உட்கார்ந்தாள்.

அன்று குழாயில் வந்த தண்ணீர் நடுங்கியது. அதற்கு வேறு சொல் இல்லை. கொஞ்சம் சூடாக, கொஞ்சம் ஜில்லென்று, மாறிமாறி விட்டுவிட்டு வந்தது. ஒரு வாரத்தில் நிதானமானது. மாணவிகள் படுத்திய நாளில் சுட்டது. அவளுக்கு உடம்பு முடியாத நாளில் வெறும் பச்சைத்தண்ணீராக வந்தது. தங்கை போன் போட்டுக் கேட்டபோது, ஆமாம், படுத்துத்தான் இருக்கிறேன் என்றாள். அதன்பிறகு காலையில் எழுந்ததும் வீட்டில் யாரும் காலண்டரைப் பார்க்கவில்லை, அவள் எப்படி இருக்கிறாள் என்று முதலில் குழாயைத் திறந்து பார்த்தார்கள்.

மூன்றாம் வருடம் ஒரு மாதிரியான சூடு வந்தது. கோபச் சூடு இல்லை. காலையில் மெதுவாக ஆரம்பிக்கும், சாயங்காலமானால் இரண்டு வாளி பச்சைத்தண்ணீர் கலந்தாலும் தாங்காது. குளியலறைச் சுவரில் சுண்ணாம்பு உரிந்தது. காய்ச்சலோ என்று தங்கை பதறினாள். காய்ச்சல் இல்லை. லாரிகளை நிறுத்தி எடைபோடுகிற எடைமேடைக்காரர் ஒருவர், மனைவியை இழந்தவர், தினமும் ஏதாவது ஒரு கிழிசலோடு தையல் பள்ளிக்கு வந்துகொண்டிருந்தார். கிழிசலை அவரே பிளேடால் போடுகிறார் என்று மாணவிகள் எல்லோருக்கும் தெரியும். ஐம்பதைத் தாண்டிய வயதில் தையல்காரி அவரைக் கட்டிக்கொண்டாள். கல்யாணத்தில் அவள் கையைப் பிடித்தவர் ஒருமுறை துள்ளி விழுந்தார், ஆனால் கையை விடவில்லை. அடுத்த சில வாரங்களுக்கு வாத்தியார் அந்தக் குளியலறைக்குள் போகக் கூச்சப்பட்டு, பள்ளிக்கூடக் குழாயடியில் குளித்துவிட்டு வந்தார்.

எடைமேடைக்காரர் இவள் குளிர்ச்சிக்குப் பழகிக்கொண்டார். கையுறை போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்காருவார் என்று கேள்வி. ஆனால் தையல்காரிக்கு ஒரு சங்கடம் இருந்தது. தனக்குள் என்ன நடக்கிறது என்று அவளுக்கே தெரியவில்லை. சந்தோஷமா, வருத்தமா, பிடித்திருக்கிறதா, பிடிக்கவில்லையா என்று உள்ளே தடவிப் பார்த்தால் வழவழவென்று ஒன்றுமே கையில் தட்டுப்படவில்லை. அதனால் தினமும் காலையில் தங்கைக்குப் போன் செய்ய ஆரம்பித்தாள். நலம் விசாரிப்பதற்கு இல்லை.

"நேத்து இவரோட பெரிய வாக்குவாதம்" என்றாள் ஒருநாள். "கதவைச் சாத்திட்டு வெளியில போனவரு இன்னும் வரல. நான் பாட்டுக்கு உக்காந்து தைச்சிக்கிட்டு இருந்தேன். எனக்குக் கோபம் வந்துச்சான்னு தெரியல. நேத்து தண்ணி எப்படி இருந்துச்சு?"

"கொதிச்சுதுக்கா. கையே வைக்க முடியல."

"அப்ப வந்திருக்கு" என்றாள் தையல்காரி. "இப்ப?"

தங்கை போனைக் கழுத்தில் இடுக்கிக்கொண்டு குழாயைத் திறந்து, தண்ணீர் வரும்வரை காத்திருந்து, கையை நீட்டினாள். "இப்பப் பரவால்லக்கா. வெதுவெதுன்னு இருக்கு. கொஞ்சம் விட்டுவிட்டு வருது."

"அழுகையா இருக்குமோ?"

"அழுகை இல்ல. நீ ஊருக்குப் போனப்ப வந்த மாதிரி இருக்கு."

"அப்படின்னா நான் போய் அவரைக் கூட்டிக்கிட்டு வந்துடறேன்" என்று சொல்லித் தையல்காரி போனை வைத்தாள். தங்கை வாளி நிரம்பக் காத்திருந்து, குழாயை மூடி, மகளைக் குளிக்கக் கூப்பிட்டாள்.