சிதறி விழுந்த ஐந்து

மயில்சாமி மூன்று நாளாகப் பீரோவில் துணிக்கு அடியில் ஒளித்து வைத்திருந்த அட்டை, சட்டை எடுக்கப்போன மனைவி நிர்மலாவின் கையில் அகப்பட்டுவிட்டது. ஞாயிற்றுக்கிழமை காலை. உள்ளே சோறு வெந்துகொண்டிருந்தது.

அது துப்பாக்கிப் பரீட்சையில் அவர் சுட்ட குறி அட்டை. பதினேழு வருடம் பட்டாளத்தில் இருந்து, குறி தப்பாதவர் என்று பேர் வாங்கி வந்தவர். இப்போது வங்கிகளுக்குப் பணம் கொண்டுபோகும் வேனில் காவலுக்குப் போகிறார். வருடா வருடம் ஐந்து குண்டு சுட்டுக் காட்டினால்தான் வேலை நிலைக்கும். இந்த வருடம் ஐந்தும் ஐந்து திக்கில் போயின. மேனேஜர் அவரை நிமிர்ந்து பார்த்தார். பயத்தில் வாயில் வந்ததைச் சொன்னார் மயில்சாமி. "அருண்பாண்டி துப்பாக்கியக் கீழ போட்டுட்டானுங்க. குறி பாக்குற சைட்டு நவுந்துருச்சு." அதே துப்பாக்கியை அடுத்த ஷிப்டில் தூக்குகிறவன் அருண்பாண்டி. பட்டாளத்துக்காரர் சொன்னால் மறுபேச்சு ஏது? அன்றைக்கே அவனை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள்.

அவன் மனைவி நாகஜோதி, பனியன் கம்பெனியில் நிர்மலாவோடு ஒரே செக்கிங் மேஜையில் நிற்கிறவள். "அவுக அதக் கீழ போடவே இல்லக்கா" என்று மூன்று நாளாகக் கண்ணைத் துடைத்துக்கொண்டே துணி பார்த்தாள். எங்கூட்டுக்காரர் பொய் சொல்ல மாட்டார் என்று நிர்மலாவும் மூன்று நாளாக முறைத்துக்கொண்டு நின்றாள்.

இப்போது அவள் அந்த அட்டையைத் துணியைப் பிடிப்பதுபோலவே ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தாள். இருபது வருடம் ஓட்டை பார்த்தே பழகிய கண்.

"ஏனுங்க, ஊசி ஒடஞ்சா துணில குத்தம் ஒரே கோட்டுல வருமுங்க. அங்கொண்ணு இங்கொண்ணா ஓட்டை வந்தா ஊசி மேல தப்பில்ல, நூலே சரியில்லைன்னு அர்த்தம். துப்பாக்கிக்கும் அப்படித்தானுங்களா?"

 பட்டாளத்தில் மயில்சாமியே எத்தனையோ பேருக்குச் சொல்லிக்கொடுத்த பாடம் அது. சைட் நகர்ந்திருந்தால் குண்டுகள் தள்ளிப் போனாலும் ஒரே இடத்தில் கூடி விழும். சிதறினால் கோளாறு சுடுகிறவனிடம்.

"ஆமா புள்ள," என்றார். "வலது கண்ணு ஆறு மாசமா மங்கலாத்தான் தெரியுது. சொன்னா வேலை போயிருமுன்னு..."

அவள் நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவருக்கு. நிர்மலா தன் கைப்பையைத் திறந்து, குறையுள்ள இடத்தைக் காட்டத் துணியில் ஒட்டுகிற சிவப்பு அம்பு ஸ்டிக்கர்களை எடுத்தாள். ஐந்து ஓட்டைக்கும் ஒவ்வொன்றாக ஒட்டினாள். எதிர்ச்சுவரில் காலண்டர் தொங்கிய ஆணியில் அட்டையை மாட்டினாள்.

"மங்கலம் ரோட்டுலதானுங்க அருண்பாண்டி ஊடு," என்று சொல்லிவிட்டுச் சோறு வடிக்கப் போனாள்.

அவர் கட்டிலில் உட்கார்ந்தபடி, பழைய பழக்கத்தில் இடது கண்ணை மூடிக்கொண்டு வலது கண்ணால் அட்டையைப் பார்த்தார். பாலாடை படர்ந்ததுபோல வெறும் வெள்ளை. அம்பு ஒன்றுகூட இல்லை. இடது கண்ணைத் திறந்தார். ஐந்தும் அங்கேயே இருந்தன, சிவப்பாக.