பதினெட்டாவது நாற்காலி

பதினெட்டாவது நாற்காலியை வைத்ததும் அடுக்கு ஒருமுறை யோசித்தது; பிறகு மொத்தமாகச் சரிந்தது. பன்னிரண்டுக்கு மேல் அடுக்காதே என்று, வாடகை நாற்காலிக் கடை நடத்திய அப்பா முப்பது வருடம் தொண்டை வறளச் சொன்னார். அவரால் சொல்ல முடியாமல் போன முதல் நாளே நான் பதினெட்டு அடுக்கினேன்.

இரும்பு விழுந்த சத்தத்தில் கூடமே துள்ளியது. அசையாதவர்கள் இரண்டே பேர்: பெஞ்சில் கிடத்தியிருந்த அப்பா, என் மனைவியின் மடியில் தூங்கிய எட்டு மாத மகள்.

"என்னடா இது, கும்பகர்ணன் வம்சமா?" என்றாள் அப்பாவின் அக்கா, என் அத்தை.

"தாத்தா மாதிரிதான் அத்தை. படுத்தா எழுந்திருக்கவே மாட்டா."

சாவு வீட்டில் பேசுகிற பேச்சா? என் வாய்க்குப் பூட்டு வாடகைக்குக் கிடைத்தால் தேவலை.

மகளின் பரிசோதனை முடிவு வந்து மூன்று நாளாகிறது. எங்கள் இருவரைத் தவிர யாருக்கும் தெரியாது. மனைவி அழவும் இல்லை. 'எப்படி இருக்கே?' என்றால் 'சோறு ஆறுது' என்பாள். இவளுக்குப் பிள்ளை கசந்துவிட்டதோ என்று எனக்குப் பயம். அதைக் கேட்கத் துணிச்சல் இல்லாமல்தான் ஜோக்காக அடித்துக்கொண்டிருந்தேன்.

மனைவி நிமிர்ந்து அத்தையைப் பார்த்தாள்.

"அவளுக்குக் காது கேக்காது, பெரியம்மா. டாக்டர் சொல்லிட்டாரு."

"அடக் கடவுளே" என்று ஆரம்பித்த அத்தை, அவள் முகத்தைப் பார்த்து மீதியை விழுங்கினாள்.

"அப்ப எப்படி எழுப்புவே?"

"தொட்டாப் போதும்."

அத்தை குழந்தையின் கால் பெருவிரலைப் பிடித்து மெல்ல ஆட்டினாள். கண் திறந்தது, அத்தையைப் பார்த்துச் சிரித்தது. அதுவரை அழாத அத்தை அப்போது அழுதாள்.

பிள்ளையை இடுப்பில் வைத்தபடி பால் கலக்கச் சமையலறைக்குப் போன மனைவியின் பின்னாலேயே, ஏனென்று தெரியாமல் ஒரு நாற்காலியையும் தூக்கிக்கொண்டு போனேன்.

"எம்மேல கோவமா?"

"இல்ல."

"பாப்பா மேல?"

அவள் ஸ்பூனைக் கீழே வைத்தாள்.

"எட்டு மாசமாக் கூப்பிடறேன், ஒரு தடவைகூடத் திரும்பல. என்னைப் பிடிக்கலேன்னு நினைச்சுட்டேன். பெத்தவ போய் இதை யார்கிட்டச் சொல்லுவா? டாக்டர் சொன்னப்ப உசிரே போச்சு. கூடவே அப்பாடான்னும் இருந்துச்சு. ரெண்டும் நிஜம். கேட்டா நீங்க என்ன நினைப்பீங்களோன்னுதான் சோத்தைப் பத்திப் பேசினேன்."

குழந்தை அவள் மூக்கைப் பிடித்து இழுத்தது. மூக்கை விடுவிக்காமலே சொன்னாள்.

"இவளுக்கு என்னைப் பிடிச்சிருக்குங்க."